நிலவின் பேரனும் உழவன் மகனும்

பாண்டியர் யார்? நிலவின் வழிவந்தோர், அகத்தியர் அவர்தம் குலகுரு! எட்டாம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேடு அப்படித்தான் செப்புகிறது. வேதியர் ஒருவருக்கு ஊரையே உரிமையாக்கும் பட்டயமும் அதுவே. மன்னனுக்கு வானத்தில் பாட்டன். வேதியருக்கு மண்ணில் ஊர்!

போலந்திலும் ஒரு கதை உண்டு. போப்பியேல் மன்னனை எலிகள் தின்றனவாம். பியாஸ்த் என்னும் ஏழை உழவனின் மகன் அரசேறினானாம். அம்மரபினர் 1370 வரை ஆண்டனர்.

இரண்டும் கதைகளே. ஆயினும் ஒன்று ஏரை மறைக்கிறது. மற்றொன்று ஏரைப் போற்றுகிறது.

பாண்டியர் ஆண்ட விருதுநகர்ச் சீமையிலே, சிவகாசியிலே, உயிரைப் பணயம் வைத்து வெடிமருந்து அடைக்கிறாள் ஒரு தாய். அவள் மகனிடம், "நீ என்ன குலம்?" என்று கேட்போர் இன்றும் உண்டு. தம்பி, தலைநிமிர்ந்து சொல்: "உழைத்தவள் மகன் நான்!" நிலவுக்குப் பேரன் எவனுமில்லை.