நீலத்தில் ஒரு ஆறு

மிசிசிப்பிக் கரையின் சிற்றூர்களில் நீராவிப் படகுத் துறை என்பது அன்று பெரும்பாலும் ஒரு சரிவாகத்தான் இருந்தது. வெள்ளம் ஏறினாலும் வற்றினாலும் படகு அதில் மூக்கை முட்டி நின்று பலகையை இறக்கிவிடும்.

அந்த ஆற்றை 1883 முதல் 1892 வரை படமெடுத்தவர் ஹென்றி போஸ். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையில் வரைபடக் கலைஞர். ஆற்றைச் சீரமைக்கும் வேலைகளைப் பதிவுசெய்வது அவர் பொறுப்பு.

படங்கள் முழுக்க நீலம்.

இரும்பு உப்பு பூசிய தாளில் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டி, வெறும் தண்ணீரில் அலசினால் போதும், அந்த நீலம் வந்துவிடும். கட்டட வரைபடங்களை நகலெடுக்க அன்று அலுவலகங்களில் புழங்கிய மலிவான முறை அது. கோப்புக்காக எடுத்த அந்த நீள்வட்டப் படங்களை இன்று அருங்காட்சியகங்கள் வெளிச்சம் அதிகம் படாமல் பாதுகாக்கின்றன.