ஒழிபு ஓர் அளவையா?

கண்ணுக்குத் தெரியாத காரணத்தை, மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு எஞ்சியதைக் கொண்டே உறுதி செய்யலாமா என்பது இந்தியத் தத்துவத்தில் பழைய வழக்கு. இப்படி அறிவதை வடநூலார் பாரிசேடம் என்றனர், தமிழில் ஒழிபு. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில், வஞ்சி நகரத்து அளவைவாதி அறிவதற்கான வழிகளாகிய பத்து அளவைகளை அடுக்கும்போது இதையும் ஒன்றாகச் சேர்க்கிறான். இராமன் வென்றான் என்று கேட்டதும் இராவணன் தோற்றதை அறிவது அவன் தரும் எடுத்துக்காட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாச்சாரியார், ஆறு என்றும் பத்து என்றும் எண்ணியவர்களின் பட்டியலைச் சொல்லிவிட்டு, காண்டல் (நேர்க்காட்சி), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கோர் வாக்கு) என்ற மூன்றிலேயே எல்லாம் அடங்கும் என்று முடித்தார். அதாவது, ஒழிபு தன் காலில் நிற்காது. கருதலின் தயவில்தான் நிற்கும்.

இது தருக்க நூலார் பொழுதுபோக்கு அல்ல. சைவ சித்தாந்தத்தின் நடுத்தூண் ஒன்று இதன்மேல் நிற்கிறது. உயிர் தன்னையும் இறைவனையும் அறியாமல் கிடப்பதற்கு ஆணவம் என்ற மலம் காரணம் என்கிறது சித்தாந்தம். மாயையும் கன்மமும் போதும், மூன்றாவதாக ஒரு மலம் எதற்கு என்று ஐக்கியவாதி கேட்டான். மாயை உடம்பையும் கருவிகளையும் தந்து உயிருக்குக் கொஞ்சமாவது அறிவு விளங்கச் செய்கிறது, விளக்குவது மறைக்காது, ஆகவே மறைக்கும் பொருள் வேறொன்று இருக்க வேண்டும் என்பது சித்தாந்தியின் விடை. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒழிபு.

ஒழிபு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்க்க வட சென்னை எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்து இருசக்கர வாகனப் பட்டறை நல்ல இடம். குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுக்க வண்டியை மூடி வைத்துவிட்டு வசந்தத்தில் எடுக்கிறார்கள். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அந்த வேலையை வடகிழக்குப் பருவமழை செய்கிறது. ஐப்பசியில் கூரைக்கடியில் நிறுத்திய ஸ்கூட்டரைத் தை பிறந்த பிறகு எடுத்தால் செல்ஃப் அடிக்காது. ரிலே மட்டும் 'டக்' என்னும். வெப்ப நாட்டில் ஈய அமில பேட்டரி சும்மா நின்றாலே குளிர்நாட்டைவிட வேகமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே நெடுநாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட்டு கெட்டிப்பட்டு, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் முழுசாக மீளாது. இது ஒரு காரணம். மற்றொன்று கடற்காற்று.

கம்பிகளை இணைக்கும் கப்லரைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். வெளியே பிளாஸ்டிக் புத்தம் புதிதாக இருக்கும். உள்ளே செம்புக் கம்பி பித்தளை முள்ளைச் சேரும் இடத்தில் பச்சையாக ஒரு மாவு பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும். காற்றில் வரும் உப்பும் ஈரமும் செம்போடு சேர்ந்து உண்டாக்கிய களிம்பு அது. சில வேளை உறைக்குள்ளேயே இரண்டு விரற்கடை தூரம் ஊர்ந்து போயிருக்கும். கம்பியை வளைத்தால் உயிருள்ள செம்பு போல் வளையாமல் நொறுங்கும்.

இந்தப் பச்சை பார்வையையும் ஏமாற்றும். வண்டி சும்மா நிற்கும்போது மல்டிமீட்டர் வைத்தால், களிம்பேறிய இணைப்புக்கு அப்பாலும் 12.6 வோல்ட் காட்டும். பேட்டரி நன்று, பாதை நன்று என்று தோன்றும். மின்னோட்டம் இல்லாத இடத்தில் தடை தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதனால்தான் இந்தத் தோற்றம். செல்ஃப் பொத்தானை அழுத்தி 60 ஆம்பியர் ஓட முயலும்போது, 0.05 ஓம் என்ற அற்பத் தடையே 3 வோல்ட்டை விழுங்கிவிடும். சித்தியார் காட்சியை ஐயம், திரிபு ஆகியவற்றிலிருந்து பிரித்து வைப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மீட்டர் பொய் சொல்லவில்லை. கேட்கப்படாத கேள்விக்கு அது விடை சொன்னதாகப் பார்த்தவர் எடுத்துக்கொண்டார்.

இனி ஒழிபு. பேட்டரி, எர்த் வயர், ரிலே, மோட்டார் என நான்கில் ஒன்று பழுது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது வேலை. பக்கத்து வண்டியின் நல்ல பேட்டரியை மாட்டினால் செல்ஃப் அடிக்கவில்லை. பேட்டரி குற்றமற்றது என்று விலக்கப்படுகிறது. பழைய பேட்டரியை மறுபடி மாட்டி, எர்த் முனையை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் அப்போதும் அடிக்கவில்லை, எர்த்தும் விலக்கப்படுகிறது. ரிலே 'டக்' என்பதால் அதுவும் போயிற்று. எஞ்சியது மோட்டார். அதைக் கழற்றுகிறார்கள், செலவு ஏறுகிறது, மோட்டாரில் ஒரு பழுதும் இல்லை. நடந்தது இதுதான்: பேட்டரியும் பாதி இறங்கியிருந்தது, எர்த்தும் களிம்பேறியிருந்தது. ஒன்றைச் சரி செய்யும்போது மற்றது தடுத்தது. ஒவ்வொரு சோதனையும் நேர்மையானது. முடிவு மட்டும் பிழை. காரணம் ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும் என்ற, யாரும் சோதித்துப் பாராத எண்ணம் அடியில் இருந்தது.

அளவைவாதியின் எடுத்துக்காட்டு ஏன் தவறாமல் நிற்கிறது என்பது இங்கே விளங்கும். போர்க்களத்தில் நின்றவர்கள் இருவர். ஒருவன் வென்றால் மற்றவன் தோற்றாக வேண்டும். பட்டியல் அங்கே மூடியிருக்கிறது. வட சென்னையில் பட்டியல் மூடுவதில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவிப் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டியது. உப்பு, ஈரம், அனல்மின் நிலையச் சாம்பல், எண்ணெய் என்று வண்டியைத் தொடுபவை ஒன்றோடு ஒன்று கூடிக்கொள்ளும் வட்டாரம் இது.

பட்டியலை மூடித் தருவது எது? ஒரு பங்கு உரை. 2020 ஏப்ரலுக்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பேட்டரி செத்திருந்தாலும் கிக் அடித்தால் ஓடும் என்பதை ஆசிரியர் சொல்லித்தான் சீடன் அறிகிறான். அதன்பின் வந்த பி.எஸ்.-6 மாசுவிதி வண்டியில் எரிபொருள் பம்ப் பேட்டரியை நம்பியது என்பதால் அந்தப் பழைய விதியை அப்படியே கொண்டுவர முடியாது. உரைக்கும் தகுதி பார்க்க வேண்டும். மறு பங்கு கருதல். சித்தியார் கருதலுக்கு இயல்பு, காரியம், அனுபலத்தி (காணப்படாமை) என மூன்று ஏதுக்களைச் சொல்கிறது. தேர்ந்த மெக்கானிக் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்துச் செல்ஃப் அழுத்தச் சொல்கிறார். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை உண்டு. இது விலக்கி அறிந்ததல்ல. தடையின் காரியமாகிய மின்னழுத்த இழப்பை, அது நிகழும் இடத்திலேயே நேராகப் பிடித்தது. பேட்டரியும் கெட்டிருக்கிறதா இல்லையா என்பது இந்தச் சோதனையைக் குழப்புவது மிகக் குறைவு. அருணந்தியார் ஒழிபைத் தனி அளவையாக ஏற்காததன் நியாயம் இதில்தான் இருக்கிறது: விலக்கல் வழிகாட்டும், நிலைநாட்டுவது காரணத்தையும் காரியத்தையும் இணைக்கும் பிணிப்பறிவு.

ஆணவ வாதத்துக்குத் திரும்பினால் அதன் பலமும் எல்லையும் வேறு மாதிரி தெரிகின்றன. மும்மலமும் சேர்ந்தே உயிரைப் பற்றியிருப்பதாகச் சித்தாந்தமே சொல்வதால், ஒன்றை விலக்கி மற்றொன்றைக் குற்றவாளியாக்கும் வெறும் ஒழிபு அங்கே செல்லாது. சித்தாந்தி அதை மட்டும் நம்பவுமில்லை. மாயை விளக்குவது, ஆணவம் மறைப்பது என்று செயலின் முரணைக் காட்டுகிறான். அது காரிய ஏது. செம்பில் களிம்பு என்ற உவமையும் இந்த வாதத்துக்கு நெடுங்காலத் துணை. களிம்பு செம்போடு அநாதியாய் உடன் இருப்பது, ஆனால் செம்பின் இயல்பு அல்ல; இரசகுளிகை பட்டால் நீங்கும் என்பார்கள். எண்ணூர்க் கப்லரில் களிம்பு பிறகு வந்தது என்பது உண்மை. தேய்த்துச் சுத்தம் செய்த முனையில் கிரீஸ் பூசாமல் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பூக்கும் என்பதும் உண்மை. மலம் இடையில் வந்ததானால் முத்தி பெற்ற உயிரையும் அது மீண்டும் பற்றலாமே என்று சித்தாந்தி எதிராளியைக் கேட்பது இதே காரணத்தால்தான், அந்தக் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதல்ல.

ஆனால் களிம்பு அநாதி என்பதை எந்த மீட்டரும் காட்டாது. உயிருக்கும் மலத்துக்கும் நடுவே முனை வைத்துப் பார்க்கும் கருவி இல்லை. கருதல் அங்கே மறைப்பு ஒன்று உண்டு என்பது வரை கொண்டுபோய் நிறுத்துகிறது. அது தொடக்கமற்றது, திருவருளால் நீங்கக்கூடியது என்ற இரண்டையும் சித்தாந்தம் ஆகமத்தின் வாயிலாகவே, உரை என்ற மூன்றாம் அளவையின் பொறுப்பிலேயே வைக்கிறது.