சோம்பலும் சுரப்பியும்

ஒருவரைச் சோம்பேறி என்று நாம் கூறும்பொழுது மூன்று கூற்றுக்களை ஒருசேர மொழிகின்றோம். அவர் ஒரு வேலையைச் செய்யவில்லை. அதைச் செய்ய அவரால் இயலும். ஆயினும் அவர் செய்ய விரும்பவில்லை. இவற்றுள் முதலாவது கண்ணாற் கண்டறியக்கூடியது. ஏனைய இரண்டும் நம் ஊகங்கள். கண்டதற்கும் ஊகித்ததற்கும் இடையேயுள்ள வேறுபாட்டைப் பொருட்படுத்தாது, மூன்றையும் ஒரே சொல்லிற் பிணைத்து ஒரு மனிதரின் தலையிற் சுமத்திவிடுகின்றோம். இவ்வழக்கம் எத்துணை அநீதிக்கு இடமளிக்கிறது என்பதை மருத்துவ வரலாற்றின் ஒரு சிறு பகுதியைத் துணையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு முன்னர் எனது வாக்குமூலம் ஒன்றும் இங்கு இடம்பெற வேண்டியுள்ளது.

1982ஆம் ஆண்டில் வடபகுதிக் கிராமப் பாடசாலையொன்றில் நான் இளம் ஆசிரியனாகக் கடமையாற்றினேன். எம்முடன் நாற்பது வயதைக் கடந்த ஆசிரியை ஒருவர் இருந்தார். கணிதம் கற்பிப்பதில் வல்லவர். கண்டிப்பும் சுறுசுறுப்பும் உடையவர் என ஊரவர் மதித்தவர். ஓரிரு ஆண்டுகளுள் அவர் மாறலானார். காலையிற் பிந்தி வந்தார். திருத்தவேண்டிய கொப்பிகள் மேசையிற் குவிந்து கிடந்தன. கரும்பலகையில் ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டு இடைநடுவில் நின்று யோசித்தார். பங்குனி வெயிலிலும் சேலைத் தலைப்பாற் போர்த்துக்கொண்டிருந்தார். உடல் பருத்தது; குரல் கரகரத்தது; பேச்சுக் குறைந்தது; காரணமின்றி அழுததையும் சிலர் கண்டனர். ஆசிரியர் அறையில் இதற்குப் பலவித விளக்கங்கள் பிறந்தன. ‘பென்சனை எண்ணிக்கொண்டிருக்கிறா’ என்றார் ஒருவர். ‘வீட்டிலை ஏதோ பிரச்சினை’ என்றார் மற்றொருவர். பரீட்சைப் பெறுபேறுகள் குறைந்தபோது, அவரை இடமாற்றுமாறு கோரி மேலிடத்திற்கு மனு ஒன்று எழுதப்பட்டது. கடமையில் அசட்டையும் சோம்பலும் என்பதே குற்றச்சாட்டு. பிள்ளைகளின் நலன் கருதி நானும் கையொப்பமிட்டேன். தொழிலாளர் உரிமைபற்றி மேடைகளிற் பேசிவந்த நான், அருகிலிருந்த சக தொழிலாளி ஒருவரிடம் ‘உங்களுக்கு என்ன செய்யுது?’ என்று ஒருமுறையேனும் கேட்டேனல்லேன்.

அவர் தீவுப்பகுதிப் பாடசாலையொன்றிற்கு மாற்றப்பட்டார். சில மாதங்களின் பின், கால் வீக்கத்திற்கு மருந்தெடுக்கச் சென்றவிடத்தில், இளம் வைத்தியர் ஒருவர் அவருடைய குரலைக் கவனித்தார். ஊதிய கண்ணிமைகளையும் வறண்ட தோலையும் கவனித்தார். குதிக்காலின் பின்புறத்துத் தசைநாணைச் சிறு சுத்தியலாற் தட்டிப் பார்த்தார். பாதம் அசைந்தது, ஆனால் தன் பழைய நிலைக்கு மிக மெதுவாகவே மீண்டது. இரத்தம் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. அவருடைய தைரொயிட்டுச் சுரப்பி ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்திருந்தது. நாள்தோறும் ஒரு சிறு குளிசை. சில மாதங்களுள் பழைய ஆசிரியை மீண்டுவந்தார்.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் ஆசிரியர் கருத்தரங்கொன்றில் அவரைச் சந்தித்தேன். மனுவில் ஒப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன் என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. ‘கையெழுத்து வைச்சது பெரிசில்லை மாஸ்டர். நீங்கள் எல்லாரும் சொன்னதை நானும் நம்பிப்போட்டன். நான் சோம்பேறியாய்ப் போனன் எண்டு எத்தினை இரவு என்னை நானே திட்டியிருப்பன்’ என்றார். இன்றுவரை என்னை விட்டகலாத சொற்கள் இவை.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்த சுரப்பி தைரொயிட்டு. உணவிலிருந்து கிடைக்கும் அயடீனைக் கொண்டு அது தைரொட்சின் என்னும் ஓமோனை ஆக்குகிறது. உடலின் கலங்கள் எரிபொருளை எவ்வேகத்திற் பயன்படுத்தவேண்டும் என்பதை நிர்ணயிப்பதில் இவ்வோமோனுக்குப் பெரும் பங்குண்டு. அது குறைந்தால் இதயம் மந்தமடைகிறது, குடல் மந்தமடைகிறது, உடற்சூடு குறைகிறது. மூளையும் உடலின் ஓர் உறுப்பேயாதலால் சிந்தனையும் மந்தமடைகிறது. மறதி, கவனக்குறைவு, ஓயாத உறக்கம், எதிலும் நாட்டமின்மை, ஆழ்ந்த சோகம் என்பன தோன்றுகின்றன. நோய் முற்றிய சிலரிடம் பிறர் தமக்குத் தீங்கிழைக்கின்றனர் என்ற வீண் ஐயமும், இல்லாத குரல்களைக் கேட்கும் மயக்கமும் ஏற்படுவதுண்டு.

இவ்வுண்மை எளிதில் வெளிப்படவில்லை. 1874இல் இலண்டன் வைத்தியரான வில்லியம் கல், நடுத்தர வயதுப் பெண்களிடம் உடலும் உள்ளமும் ஒருங்கே மந்தமடையும் நிலையொன்றை விவரித்தார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் தியோடர் கொக்கர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் கண்டக்கழலையை அகற்றுவதிற் புகழ்பெற்றிருந்தார். அதே 1874இல் அவர் ஒரு சிறுமியின் சுரப்பியை முழுமையாக அகற்றினார். சிகிச்சை வெற்றி எனக் கருதப்பட்டது. துடிப்புமிக்க அச்சிறுமி பின்னர் மந்தபுத்தியுடையவளாக மாறிவிட்டாள் என்ற செய்தி சில ஆண்டுகளின் பின் அவருக்கு எட்டியது. கொக்கர் தம்மிடம் சிகிச்சை பெற்றோரை மீண்டும் வரவழைத்துப் பார்த்தார். சுரப்பி முழுவதையும் இழந்தோருட் பெரும்பாலானோர் அவ்வாறே மாறியிருந்தனர். 1883இல் அவர் இதனைச் சபையறிய வெளியிட்டார். 1909இல் நொபெல் பரிசு பெற்ற அம்மேதையின் வாழ்வில், தம் கையால் விளைந்த கேட்டைத் தாமே தேடிக் கண்டு உலகறியக் கூறிய அச்செயலே என் மதிப்பில் முதலிடம் பெறுகிறது.

1888இல் இலண்டன் மருத்துவச் சங்கமொன்றின் குழு 100க்கு மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து, அவர்களுள் ஏறக்குறைய அரைவாசிப் பேரிடம் மனமயக்கங்கள் காணப்பட்டன என அறிவித்தது. 1891இல் நியூகாசில் நகரத்து வைத்தியர் ஜோர்ஜ் மறே, ஆட்டின் தைரொயிட்டுச் சுரப்பியிலிருந்து பெற்ற சாற்றை 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசிமூலம் ஏற்றினார். முகத்தின் வீக்கம் வடிந்தது, பேச்சுத் தெளிந்தது, மனம் விழித்தது. அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் இறந்தார். அதுவரை அவருக்கு உயிரளித்த மருந்துக்கு 870க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. தைரொட்சின் 1914இல் பிரித்தெடுக்கப்பட்டு, 1927இல் ஆய்வுகூடத்திலேயே ஆக்கப்பட்டது. மருந்து மலிந்தது.

மருந்து கிடைத்ததோடு பிரச்சினை முடிந்துவிட்டதா? 1949இல் றிச்சர்ட் அஷர் என்னும் ஆங்கில வைத்தியர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் 14 நோயாளரைப் பற்றிய கட்டுரையொன்றை எழுதினார். பித்துப் பிடித்தோர் எனக் கருதப்பட்டு மனநோய் விடுதிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். அவர்களைப் பீடித்திருந்தது தைரொயிட்டுக் குறைவே. சிகிச்சையின் பின் பெரும்பான்மையோர் மனந்தெளிந்தனர். மறேயின் சிகிச்சை அறியப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவர்களைப் பார்த்தவர் கண்ணில் நோய் படவில்லை. முன்முடிவு கண்ணை மறைத்திருந்தது.

இலக்கிய மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு நாவலை நினைவுகூர்வர். வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பகுதியில் வைத்தியராகப் பணியாற்றிய ஏ. ஜே. குறோனின் 1937இல் வெளியிட்ட ‘சிட்டடல்’ என்னும் நாவலில், திடீரென வெறிகொண்ட ஒரு தொழிலாளியைப் பைத்தியகாரன் எனச் சான்றளித்து அடைத்துவைக்க ஏற்பாடாகிறது. மூத்த வைத்தியர் முடிவு செய்துவிட்டார். இரண்டாவது கையொப்பமே தேவை. இளம் வைத்தியன் மான்சன் பேனாவை எடுத்தும்விடுகிறான். அத்தருணத்தில் நோயாளியின் ஊதிய முகமும் வறண்ட தோலும் அவன் சிந்தையைத் தடுக்கின்றன. அவன் கையொப்பமிட மறுக்கிறான். தைரொயிட்டு மருந்து அத்தொழிலாளியை மனைவியிடமும் வேலையிடமும் மீட்டுத் தருகிறது. இந்நாவலை மாணவப் பருவத்திலேயே படித்துப் பாராட்டியவன் நான். படித்த பின்னரே மனுவில் ஒப்பமிட்டேன் என்பதையும் இங்குக் கூறிவிடுதல் நேர்மையாகும்.

இனி, இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறவேண்டிய கருத்து யாது?

உளம் உடலின்றி இயங்குவதில்லை என்பது இதன் முதற் பாடம். ஊக்கம், நினைவு, நம்பிக்கை ஆகியவற்றை ஆன்மாவின் தனிச் சொத்துக்கள் என்று கருதுவோர், ஒரு சிறு குளிசை அவற்றைத் திருப்பித் தருவதை எவ்வாறு விளக்குவர்? ஆயின் பொருள்முதல்வாதத்தின் பெயரால் எதிர்த்திசையில் இடறிவிழுவாரும் உளர். பித்தநீரை ஈரல் சுரப்பதுபோல் மூளை சிந்தனையைச் சுரக்கிறது என்ற கருத்தை ஜெர்மனியரான கார்ல் வொக்ற் 1847இல் முன்வைத்தார். இத்தகையோரைக் கொச்சைப் பொருள்முதல்வாதிகள் என எங்கெல்ஸ் சாடினார். அக்கண்டனம் நியாயமானதே. அவ்வாசிரியையின் சுரப்பி குன்றியது உடலின் நிகழ்ச்சி. அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டதும், மனு எழுதியதும், அவரைத் தீவுக்கு அனுப்பியதும், தம்மைத் தாமே இகழச் செய்ததும் சமூகத்தின் செயல்கள். குளிசை முதலாவதைக் குணப்படுத்தியது. இரண்டாவதற்கு வைத்தியம் வேறு.

இந்நோய் ஆண்களிலும் பார்க்கப் பெண்களைப் பன்மடங்கு அதிகமாகப் பற்றுவது என்பதும் மனங்கொளத்தக்கது. களைப்பு, கண்ணீர், உடற்பருமன், மறதி ஆகிய இதன் அறிகுறிகளைப் பெண்ணின் இயல்பென்றே நமது சமூகம் நெடுங்காலமாகக் கருதிவந்துள்ளது. நோய் ஒளிந்துகொள்வதற்கு இதனினும் வாய்ப்பான மறைவிடம் வேறில்லை.

சோம்பேறி என்ற சொல் ஆதிக்கத்தின் கையில் எவ்வாறு பயன்பட்டது என்பதையும் இந்நாட்டவர் அறிவர். 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களில் கூலிவேலைக்கு வர மறுத்த சிங்கள விவசாயியைப் பிரித்தானியத் துரைமார் சோம்பேறி என்றனர். தன் வயலில் உழைத்தவன், அவர்களின் தோட்டத்தில் உழைக்காமை மட்டுமே அவன் குற்றம். உழைப்பவர் உடலின் நிலையையோ வாழ்வின் நிலையையோ விசாரியாது, வேண்டிய வேலை கிடைக்காதபோது மேலிருப்போர் வீசும் கல் அச்சொல். அதே கல்லை நாமும் எடுத்தோம்.

ஊக்கம் சுரப்பியைச் சார்ந்ததாயின் பொறுப்பு, கடமை என்பவற்றுக்கு இடமேது என ஓர் ஆசிரியர் வினவலாம். வினா நியாயமானது. மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒரே நூலில் இருப்பது முரணன்று. முயல வல்லாரிடம் முயற்சியைக் கோரலாம். கோருமுன் வல்லமையை விசாரித்தல் கோருபவரின் கடமை. பின்வரிசையில் உறங்கும் மாணவனைப் பிரம்பால் எழுப்பும் ஆசிரியர், அவன் காலையில் உண்டானா, இரத்தச்சோகை உடையவனா, இரவில் எங்கு வேலை செய்தான் என்று முதலிற் கேட்பாராயின் ஒழுக்கம் கெட்டுவிடாது. பொறுப்பு இங்கு அழியவில்லை. அதன் முதற் பங்கு தீர்ப்பளிப்பவரிடம் வந்து சேர்கிறது.

மற்றுமோர் ஐயம் என்னை அதிகம் வருத்துவது. நோய் நிரூபணமான பின்னர் நாமனைவரும் அவ்வாசிரியைமீது இரக்கங்கொண்டோம். இரத்தப் பரிசோதனையில் ஒரு குறைவும் காணப்படாதிருந்தால்? நம் மனு சரியானதே என்று நிம்மதியாக உறங்கியிருப்போமல்லவா? மனச்சோர்வுற்றோர் எல்லாரிடமும் தைரொயிட்டுக் குறைவு இருப்பதில்லை; பெரும்பாலோரின் சுரப்பி செவ்வனே இயங்குகிறது. மிகச் சிறிய குறைவு கண்ட இடமெல்லாம் குளிசை கொடுப்பதாலும் பயனில்லை. 65 வயதிற்கு மேற்பட்ட 737 பேரிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்வொன்று, இலேசான குறைவுடையோரின் களைப்பு இம்மருந்தாற் தணியவில்லை எனக் காட்டியது. அளவுகோலுக்குள் அகப்படாத துயரமும் துயரமே. ஆய்வுகூடத்தின் சீட்டைக் காட்டினால்தான் ஒருவரை மனிதராக மதிப்போம் என்பது இரக்கத்திற்கு நாம் விதிக்கும் கொடிய நிபந்தனை.

இறுதியாக, தனிமனிதரின் நற்குணத்தோடு இவ்விடயம் முடிந்துவிடுவதில்லை. அல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் தலைமுறை தலைமுறையாகக் குள்ளமாயும் மந்தமாயும் பிறந்த மக்களை ஐரோப்பா எள்ளி நகையாடியது. அவர்களைக் குறித்த சொல்லே வசைச்சொல்லாயிற்று. குறை அவர்தம் பரம்பரையிலன்று, அம்மண்ணில் அயடீன் இன்மையிலே இருந்தது. 1922இல் சுவிற்சர்லாந்தில் உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கினர். அப்பிறவிகள் அருகி மறைந்தன. இலங்கையிலும் தென்மேற்கு ஈரவலயத்திற் கண்டக்கழலை நெடுங்காலம் நிலவியது. 1989இல் வெளியான ஆய்வொன்று பாடசாலைப் பிள்ளைகளுள் 100க்கு 18 பேருக்கு மேல் அதனாற் பீடிக்கப்பட்டிருந்ததாகக் கூறியது. 1995 முதல் உணவுப் பாவனைக்குரிய உப்பில் அயடீன் சேர்த்தல் கட்டாயமாயிற்று. எத்தனையோ பிள்ளைகள் ‘மக்கு’ என்ற பெயரிலிருந்து காப்பாற்றப்பட்டமைக்கு, எந்த ஆசிரியரின் பிரம்பும் காரணமன்று. சமூகம் கூடி எடுத்த ஒரு முடிவே காரணம்.

அவ்வாசிரியை பின்னர் அதிபராகி ஓய்வுபெற்றார். நான் எழுதிய கடிதங்களுக்கு ஒழுங்காகப் பதில் எழுதுவார். மனுவைப்பற்றி அவர் பின்னர் ஒருபோதும் பேசியதில்லை. ஆயினும் ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் இன்றும் யாரோ ஒருவர் பிந்தி வருகிறார். யாரோ ஒருவரின் கொப்பிகள் குவிகின்றன. எங்கோ ஒரு மனு எழுதப்படுகிறது. அது நம் மேசைக்கு வந்து சேரும்பொழுது பேனாவை ஒருகணம் கீழே வைத்துவிட்டு, எழுந்து சென்று, சம்பந்தப்பட்டவரிடம் ‘உங்களுக்கு என்ன செய்யுது?’ என்று கேட்போமாக.