வீட்டினுள் பாம்பும் முதற் சீலமும்



கோலார் தங்கவயலில் ஒரு ஞாயிறன்று வந்தனை முடிந்து, திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி அனைவரும் கலையும் வேளையில், கைக்குழந்தையோடு ஒரு சகோதரி நம்மிடம் வந்தார். "ஐயா, எங்கள் லைன் வீட்டில் அடுப்புக்குப் பின்சுவரில் ஒரு பொந்து இருக்கிறது. அதில் பாம்பு குடியிருக்கிறது. இரண்டு முறை கண்ணால் பார்த்துவிட்டோம். அவர் தடியை எடுத்தார், நான்தான் தடுத்தேன். சீலத்தைக் காப்பதா, பிள்ளையைக் காப்பதா? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடுதல் தகாது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்திய நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டிருக்கின்றனர். ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் நாட்டுப்புறத்து மக்கள். மாடியில் கட்டிலிட்டு உறங்குவோர்க்கு இக்கேள்வி எழுவது அரிது. வெடித்த சுவருக்கருகே தரையில் பாய் விரித்துப் படுக்கும் நம்மவர்க்கே எழுகிறது. ஆதலின் இது நம் கேள்வி. விடையும் நாமே காணவேண்டும்.

நம் முன்னோர் இதற்கு என்ன விடை கண்டனர்? கொல்லையிலுள்ள புற்றுக்குப் பால் வார்த்தனர். அதே பாம்பு வீட்டினுள் வந்தால் அடித்துக் கொன்றனர். கொன்றபின் பழி வருமோவென்று நடுங்கி, அதன்மேற் பால் தெளித்துப் புதைத்தனர். வணங்கிய கையும் கொன்ற கையும் ஒன்றே. இரண்டையும் ஆட்டி வைத்தது அச்சம். பாம்போ பாலுண்டு வாழ்வதன்று. எலி, தவளை, பல்லி முதலியவற்றைத் தின்று வாழ்வது. புற்றும் அது கட்டியதன்று, கறையான் கட்டியது. பழிவாங்கும் எண்ணமும் அதற்கில்லை. அறியாமையில் பிறந்த பக்தி, அறியாமையில் பிறந்த கொலையைத் தடுக்கவில்லை என்பதைக் கருதுக.

பகவான் புத்தர் சாவத்தி நகருக்கும் ஜேதவனத்துக்கும் இடையே செல்லுங்கால், சிறுவர் பலர் ஒரு பாம்பைக் கோலால் அடிக்கக் கண்டார் என்று உதானம் கூறுகிறது. இன்பத்தை விரும்பும் உயிர்களைத் தன் இன்பங்கருதித் துன்புறுத்துவோன் இன்பம் அடையான் என்பதே ஆங்கு அவர் உரைத்ததன் கருத்து. மற்றொரு காலத்தில் ஒரு பிக்கு பாம்பு தீண்டி இறந்தபோது, பாம்புக் குலங்களின்பாலும் மைத்திரி பரப்புமாறு பணித்தார். அவரே, பாம்பு தீண்டிய பிக்குவுக்கு அக்காலத்து மருந்தைக் கொடுக்கவும் அனுமதித்தார் என்று விநயம் கூறுகிறது. அன்பு இருக்கிறதே, மருந்து எதற்கு என்று அவர் சொல்லவில்லை.

பாபாசாகேப் அம்பேத்கர், 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், கொல்லும் விருப்பம் வேறு, கொல்லவேண்டிய தேவை வேறு என்று பிரித்துக் காட்டினார். புத்தரின் அகிம்சை கண்மூடிப் பின்பற்றும் விதியன்று, ஆராய்ந்து நடத்தற்குரிய கொள்கை என்பது அவர் கருத்து. இதைப் படித்துவிட்டு, "பாம்பை அடிப்பது தேவைதானே?" என்று உடனே தடியெடுப்போர் உளர். அவர்களை நாம் கேட்பது இது: அது தேவையா என்று ஆராய்ந்தீரா? அல்லது அச்சத்திற்கே தேவையென்று பெயரிட்டீரா?

நாமும் அவ்வாறு பெயரிட்டவரே. ஆலையில் வேலை செய்த நாளில், இரவு முறையில், பஞ்சுப் பொதிகளுக்கிடையே வெள்ளைக் கோடுகளுடைய பாம்பொன்று தென்பட்டது. "கட்டுவிரியன்!" என்று ஒருவர் கூவினார். நாமே இரும்புக் கோலால் அடித்தோம். தோழர்கள் நம் தோளைத் தட்டிப் புகழ்ந்தனர். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் கோடுகள் மங்கி அல்லது மறைந்து, வால்நோக்கித் தெளிவாகும் என்பதையும், அதைப் போலவே தோன்றும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்தருகே தெளிந்து வால்நோக்கி மங்கும் என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். அன்று நாம் கொன்றது சுவரேறிப் பல்லி பிடிக்கும் எளிய உயிர். பாம்பென்னும் பெயரே அதற்குக் குற்றமாயிற்று. செயலை விசாரியாமல் பிறப்பையும் பெயரையும் கேட்ட மாத்திரத்தில் தண்டிக்கும் வழக்கம் எத்தகையது என்பதை நம்மினும் அறிந்தவர் யார்? அதை அறிந்த கையே அன்று கோலை ஓங்கியது.

நஞ்சுள்ள பாம்பே வந்தால் என்ன செய்வது? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நம் நாட்டில் மிகுதியாக உயிர் கொள்பவை. இன்னதென்று உறுதியாகத் தெரியாத பாம்பை நஞ்சுள்ளதாகவே கொள்க, அருகே செல்லற்க. பிள்ளைகளை வெளியேற்றி, எட்ட நின்று அதன்மேல் ஒரு கண் வைத்து, வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்பவருக்கோ சொல்லியனுப்புக. தடியோடு நெருங்குவோன் பாம்பின் வாய்க்குத் தன் காலைக் கொண்டுபோகிறான். எனவே கொல்லாமை இங்கே கோழைத்தனமன்று. பெரும்பாலும் அதுவே பாதுகாப்பு.

அதனினும் முன்னே செய்யவேண்டியவை உள. பாம்பு நம்மைத் தேடி வரவில்லை, எலியைத் தேடி வந்தது. எலியோ சிந்திய தானியத்தைத் தேடி வந்தது. பொந்தினுள் ஒன்றுமில்லையென்று தெரிந்தபின் அதை அடைத்து, விறகை வீட்டுச் சுவரினின்று விலக்கி அடுக்கி, குப்பையை அகற்றுதல் யாவர்க்கும் இயலும். கட்டுவிரியன் இரவில் தரையிற் படுத்தோரைத் தீண்டுவது. வலியும் அடையாளமும் தெரியாமலே போகலாம். ஆதலின் கட்டிலும், நன்றாகச் செருகிய கொசுவலையும் உயிர் காப்பன. தீண்டிவிட்டால் மந்திரிப்பவரிடம் ஓடாதீர். கீறாதீர், உறிஞ்சாதீர், இறுகக் கட்டாதீர். கடியுண்ட உறுப்பை அசைக்காமல் நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்க.

இவ்வளவும் செய்தபின்னும், குழந்தையின் காலடியில் படம் விரித்த பாம்பைக் கண்டு தாயொருத்தி அடித்துவிட்டால்? அவளைப் பழிக்க நமக்கு வாயில்லை. அங்கே இருந்தது கொல்லும் விருப்பமன்று, காக்கும் தவிப்பு. ஆனால் அதை வெற்றியென்று கொண்டாட வேண்டா. ஓர் உயிர் போயிற்று என்று உணர்ந்து, மறுமுறை அந்நிலை வாராமல் பொந்தை அடைப்பாளாக. சீலம் நம்மைத் தண்டிக்கும் நீதிமன்றமன்று. மேற்கொண்டு பழகும் பயிற்சி. கையில் தடியொன்றே மிஞ்சும் கடைசி நொடியில் மட்டும் அதைத் தேடுவோன் அதைக் காணான். அதற்கு முந்திய நூறு நாளில் அது இருக்கிறது.

அச்சகோதரிக்கும் இதையே சொன்னோம். மறுநாள் பாம்பு பிடிப்பவர் வந்தார். பொந்தினின்று வெளிப்பட்டது நல்ல பாம்பு. அவர் அதைப் பையிலிட்டுக் கொண்டுசென்றார். கணவர் சிமிட்டி பூசிப் பொந்தை மூடினார். அடுத்த ஞாயிறு அவ்விருவரும் குழந்தையோடு வந்து அமர்ந்து முதற் சீலத்தை ஓதினர். சென்ற வாரம் தடுமாறிய அக்குரல் அன்று தடுமாறவில்லை.

சீலத்தையா, பிள்ளையையா என்பது அச்சம் கேட்கும் கேள்வி. அறிவும் கருணையும் கூடினால் இரண்டையும் காக்கலாம்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க!