முதல் பரிசு இருவருக்கா?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

 

ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டுவிட்டால் நம் மஹல்லாக்களில் ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்குக் கிராஅத் போட்டி, பேச்சுப் போட்டி, மார்க்க வினாவிடைப் போட்டி என்று ஜமாஅத்தார் ஏற்பாடு செய்கிறார்கள். மேடையில் பரிசுக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். உம்மாமார்கள் திரைக்குப் பின்னால் துஆ கேட்டுக்கொண்டிருப்பார்கள். இவையெல்லாம் வரவேற்கத் தக்கவையே.

ஆனால், மதிப்பெண்களைக் கூட்டிப் பார்க்கும் நேரத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. இரண்டு பிள்ளைகள் ஒரே மதிப்பெண் பெற்று முதலில் நிற்கிறார்கள். கோப்பையோ ஒன்றுதான் வாங்கப்பட்டிருக்கிறது. முதல் என்றால் ஒருவர்தானே, எப்படியாவது ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்கிறார் ஒருவர். பிள்ளைகள் மனம் வாடக்கூடாது, எல்லாருக்கும் முதல் பரிசே கொடுத்துவிடுங்கள் என்கிறார் மற்றொருவர். இது குழந்தைகள் விஷயந்தானே என்று தள்ளிவிட முடியுமா? தீர்ப்புச் சொல்லும் இடம் எதுவாயினும் அங்கே மார்க்கம் வந்து நிற்கிறது. ஆகவே, சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

முதலில், போட்டி என்பதே கூடுமா? தாராளமாகக் கூடும். நன்மைகளில் ஒருவரையொருவர் முந்திக்கொள்ளுமாறு திருமறை நம்மை ஏவுகிறது (5:48). சுவனத்துப் பாக்கியங்களைச் சொல்லி, ஆசைப்படுவோர் இதற்காகவே போட்டியிடட்டும் என்றும் கூறுகிறது (83:26). ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முந்துமாறு ஏவிய இறைவன், முந்துபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று விதிக்கவில்லை. தொழுகையின் முதல் ஸஃப்பைப் பாருங்கள். அதன் சிறப்பை மக்கள் அறிவார்களானால், சீட்டுக் குலுக்கியேனும் அதில் இடம்பிடிப்பார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அந்த முதல் வரிசையில் நிற்பவர் ஒருவரா? தோளோடு தோள் சேர்ந்து எத்தனை பேர் நிற்கிறார்கள்! அத்தனை பேரும் முதல்வர்கள்தாம்.

இரண்டாவதாக, மதிப்பெண் என்பது என்ன? அது ஒரு தராசு. தராசை நீதியுடன் நிறுத்துமாறும், நிறுவையில் குறைத்துவிடாதிருக்குமாறும் இறைவன் கட்டளையிடுகிறான் (55:9). அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடு என்ற எச்சரிக்கையுடன் ஓர் அத்தியாயமே தொடங்குகிறது (83:1-3). இந்த எச்சரிக்கை அரிசி நிறுக்கும் வியாபாரிக்கு மட்டுமா? ஒரு பிள்ளையின் உழைப்பை நிறுக்கும் நடுவருக்கும் அல்லவா!

வென்ற பிள்ளைக்கு நாம் கொடுக்கும் தாளுக்குச் 'சான்றிதழ்' என்று பெயர். சான்று என்றால் சாட்சி. அரபியில் 'ஷஹாதா' என்கிறோம். அதன் கீழே தலைவர், செயலாளர், நடுவர் என மூவர் கையொப்பமிடுகிறார்கள். சமமாக நின்ற இருவரில் ஒருவருக்கு மட்டும் இரண்டாமிடம் என்று எழுதினால், அந்த மூவரும் எதற்குச் சாட்சி சொல்கிறார்கள்? நுஃமான் இப்னு பஷீர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவர்களுடைய தந்தை அவர்களுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கிவிட்டு, அதற்கு நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க விரும்பினார்கள். உம் பிள்ளைகள் எல்லாருக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று நாயகம் வினவினார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி உபதேசித்து, அநீதிக்குத் தாம் சாட்சியாக முடியாதென மறுத்துவிட்டார்கள். பிள்ளைகள் விஷயத்தில் சாட்சிக் கையொப்பம் எவ்வளவு பாரமானது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி, நடுவராக அமர்வோர் பாடம் கற்க வேண்டிய ஒரு நிகழ்ச்சி. பத்ருப் போர்க்களத்தில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு இருபுறமும் இரண்டு அன்ஸாரி இளைஞர்கள் நின்றார்கள். இருவருமே அபூஜஹ்லைக் காட்டும்படி கேட்டார்கள். காட்டியதுமே பாய்ந்து சென்று அவனை வீழ்த்தினார்கள். பிறகு இருவரும் நாயகத்திடம் வந்து, தாமே கொன்றதாகச் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? வயதில் மூத்தவர் யார் என்று பார்க்கவில்லை. எந்தக் குடும்பம் பெரியது என்று கேட்கவில்லை. வாட்களைத் துடைத்துவிட்டீர்களா என்று கேட்டு, துடைக்கவில்லை என்றதும், இரு வாட்களையும் தாமே பார்த்தார்கள். பார்த்தபின், நீங்கள் இருவருமே கொன்றீர்கள் என்று அறிவித்தார்கள். அவனுடைய போர்ப் பொருள்களை மட்டும் அவ்விருவரில் முஆத் இப்னு அம்ர் இப்னுல் ஜமூஹ் (ரலி) அவர்களுக்கு அளித்தார்கள். அவரது வெட்டே அவனை முதலில் செயலிழக்கச் செய்தது என்பதை வாளின் அடையாளம் காட்டியது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

இதில் எத்தனை பாடங்கள்! தீர்ப்புக்கு முன் ஆதாரத்தைக் கேட்டார்கள். அதைத் தம் கண்ணால் பார்த்தார்கள். செயலின் சிறப்பு இருவருக்கும் சொந்தம் என்பதைச் சபையறியச் சொன்னார்கள். பிரித்துக் கொடுத்த பொருளையும் காரணத்துடனேயே கொடுத்தார்கள். காரணமில்லாமல் பிரிப்பதும் அங்கே இல்லை. உண்மையை மறைத்துச் சமமாக்குவதும் அங்கே இல்லை.

அப்படியானால் சமமானவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதே கூடாதா? கூடும். இடம் ஒன்றாக இருந்தால் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். மிஹ்ராபில் இரண்டு இமாம்கள் நிற்க முடியாதல்லவா? ஆகவேதான், குர்ஆனை நன்கு ஓதுபவர் இமாமாக நிற்கட்டும்; ஓதுவதில் சமமானால் சுன்னாவை நன்கறிந்தவர்; அதிலும் சமமானால் ஹிஜ்ரத்தில் முந்தியவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் படிப்படியாக வரிசைப்படுத்தித் தந்தார்கள். அபூ மஸ்ஊத் அல்அன்ஸாரி (ரலி) வாயிலாக முஸ்லிமில் வந்துள்ள இந்த ஹதீஸில், சமமாக நிற்பது நடக்கக் கூடியதே என்பது ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அடுத்து எதைப் பார்ப்பது என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கிறது. பார்க்கப்படும் தகுதிகளும் அந்தப் பொறுப்புக்குப் பொருத்தமானவையாக இருக்கின்றன.

நம் போட்டிகளுக்கும் இதுவே வழி. மாவட்ட அளவிலான போட்டிக்கு ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடியும் என்றால், மறுபடியும் ஓதச் சொல்லிச் சோதிக்கலாம். சமமானால் தஜ்வீத் மதிப்பெண்ணைப் பார்ப்போம் என்று முன்னரே அறிவித்து, அவ்வாறே செய்யலாம். அதன் பிறகும் சமமாகவே நின்றால் சீட்டுக் குலுக்கலாம். மர்யம் (அலை) அவர்களைப் பராமரிக்கும் பொறுப்புக்காக எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்ததைத் திருமறை குறிப்பிடுகிறது (3:44). நாயகம் (ஸல்) அவர்களும் பயணம் புறப்படும்போது தம் துணைவியரிடையே சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சீட்டு, பங்கிட முடியாத ஒன்று யாருக்கு என்பதைத்தான் முடிவு செய்யும். யாருடைய கல்வி உயர்ந்தது என்பதை முடிவு செய்யாது. பயணத்துக்குச் சீட்டில் பெயர் வராத துணைவியார் அந்தஸ்தில் குறைந்துவிட்டார்களா? இல்லையே! அதுபோல், சீட்டில் தோற்ற பிள்ளைக்கும் சான்றிதழில் முதலிடம் என்றே எழுத வேண்டும்.

பங்கிடக் கூடிய பரிசாக இருந்தால் சிக்கலே இல்லை. நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில் பந்தயச் சட்டங்களைச் சொல்லும் பாடம் உண்டு. பணயம் வைத்த இருவருடன், பணயம் வைக்காத மூன்றாமவரும் ஓடி, அவர் பணயம் வைத்த ஒருவருடன் சேர்ந்தே எல்லையை அடைந்தால், பின்தங்கியவரின் பணயம் சேர்ந்து வந்த அவ்விருவருக்கும் உரியது என்று அங்கே கூறப்படுகிறது. இருவர் சேர்ந்து வந்துவிட்டார்களே, என்ன செய்வது என்று இமாம்கள் திகைக்கவில்லை. பகிர்ந்து கொடுங்கள் என்று சட்டம் எழுதி வைத்துவிட்டார்கள்.

இங்கே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சமமாக இல்லாதவர்களைச் சமம் என்று அறிவிப்பதும் தராசைக் கோணலாக்குவதுதான். நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளை இரண்டு மதிப்பெண் பின்தங்கிவிட்டால், 'இருவருக்கும் முதல் பரிசு' என்று பெருந்தன்மை காட்டுவார்கள். ஏழைப் பிள்ளை அதே இரண்டு மதிப்பெண் பின்தங்கினால் அந்தப் பெருந்தன்மை எங்கே போய்விடுகிறது? இரவெல்லாம் கண்விழித்து மனனம் செய்த பிள்ளை இதைக் கவனிக்காது என்றா எண்ணுகிறீர்கள்? பிள்ளைகளின் கண்ணிலிருந்து எதுவும் தப்புவதில்லை. அநீதியை முதன்முதலாக மதரஸா மேடையில் கண்ட பிள்ளை, மறுநாள் எந்த முகத்தோடு நம்மிடம் நீதியைப் பற்றிப் பாடம் ஓதும்?

அடிக்கடி சமநிலை ஏற்படுமானால் தராசையே சோதிக்க வேண்டும். நம் தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 41 மாணவர்கள் 500-க்கு 499 பெற்று மாநில முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 2017-இல் அரசு முதலிடப் பட்டியல் வெளியிடும் வழக்கத்தையே நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் 1925 முதல் நடந்துவரும் தேசிய எழுத்துக்கூட்டல் போட்டியில், 2019-ஆம் ஆண்டு 20 சுற்றுகளைத் தாண்டியும் எட்டுப் பிள்ளைகள் வீழாமல் நின்றார்கள். அவர்களைச் சோதிக்கும் அளவுக்குக் கடினமான சொற்கள் தீர்ந்து வருகின்றன என்று நடத்தியவர்களே மேடையில் ஒப்புக்கொண்டு, எட்டுப் பேரையும் வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். ஒவ்வொருவருக்கும் முழுப் பரிசான 50,000 டாலரை வழங்கினார்கள். பின்னர் 2021-இல் விதியைத் திருத்தி, தேவைப்பட்டால் 90 விநாடிகளுக்குள் அதிகச் சொற்களைச் சரியாகச் சொல்பவரே வெற்றியாளர் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். 2022-இல் அந்த விதி முதன்முதலாகப் பயன்பட்டது. விதியை மாற்றினார்கள், ஆனால் அடுத்த போட்டிகளுக்குத்தான் மாற்றினார்கள். 2019-இல் வென்ற பிள்ளைகளிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. விதி முதலில், போட்டி பிறகு என்ற இந்த ஒழுங்கு நம் ஜமாஅத்துகளுக்கும் வேண்டும்.

ஜமாஅத்தாரிடம் நான் வேண்டிக்கொள்வது இவைதாம். சமநிலை வந்தால் என்ன செய்வோம் என்பதைப் போட்டி அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். வயதுக்கேற்பப் பிரிவு வையுங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பந்தயத்துக்குப் பழக்கிய குதிரைகளுக்கு நீண்ட தூரத்தையும், பழக்காத குதிரைகளுக்குக் குறுகிய தூரத்தையும் வகுத்துத் தந்தார்கள் என்று புகாரியில் இருக்கிறது. குதிரைகளுக்கே இந்த நீதி என்றால், எட்டு வயதுப் பிள்ளையைப் பதினாறு வயதுப் பிள்ளையுடன் மோத விடலாமா? பரிசுப் பணத்தைப் போட்டியிடும் பிள்ளைகளிடமே வசூலித்து வென்றவருக்குக் கொடுக்காதீர்கள். அது சூதாட்டத்தின் சாயலைப் பெற்றுவிடும். கூடுதலாக ஒரு கோப்பையை எப்போதும் கையில் வைத்திருங்கள். ஒரு கோப்பையின் விலைக்குப் பயந்து ஒரு பிள்ளையின் உரிமையை விற்றுவிடாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையுடன் இன்னொரு பிள்ளையும் முதலிடம் பெற்றால், பங்கு குறைந்துவிட்டதே என்று வருந்தாதீர்கள். உஹதுப் போருக்குப் புறப்படுகையில், ராஃபிஃ இப்னு கதீஜ் (ரலி) அம்பெய்வதில் வல்லவர் என்பதால் படையில் சேர்க்கப்பட்டார். அவரை என்னால் மல்யுத்தத்தில் வீழ்த்த முடியும் என்றார் ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி). இருவரும் மோதினார்கள், ஸமுரா வென்றார். அவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டார் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. இவர் வென்றதால் அவர் வெளியேற்றப்படவில்லை. நற்பணிக்கு ஒருவருக்குப் பதில் இருவர் கிடைத்தார்கள்! இரண்டு பிள்ளைகள் சமமாகக் குர்ஆன் ஓதுவதால் மஹல்லாவுக்கு லாபமா, நஷ்டமா?

பிள்ளை உண்மையாகவே இரண்டாமிடம் பெற்றால் அதையும் மலர்ந்த முகத்துடன் ஏற்கப் பழக்குங்கள். எந்த ஒட்டகமும் முந்தாதிருந்த நாயகத்தின் 'அள்பா' ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் இளம் ஒட்டகம் முந்திவிட்டது. தோழர்கள் மனம் வருந்தினார்கள். உலகில் உயர்ந்த எதையும் ஒரு நாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் அமைதிப்படுத்தினார்கள். மறு ஓட்டம் கேட்கவில்லை; நடுவரைக் குறை சொல்லவும் இல்லை. வயல் வழக்கொன்றில் ஸுலைமான் (அலை) அவர்களுக்கே சரியான விளக்கம் அளித்ததாகக் கூறும் இறைவன், உடனேயே, தாவூத் (அலை) அவர்களையும் சேர்த்து, இருவருக்குமே ஞானமும் கல்வியும் கொடுத்ததாகச் சொல்கிறான் (21:79). முதல் பரிசை அறிவிக்கும் ஆலிம்கள் இந்த ஒழுக்கத்தைக் கைக்கொண்டால் எந்தப் பிள்ளையும் கண்ணீருடன் மேடையை விட்டு இறங்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'காரீ' என்று புகழப்படுவதற்காகவே ஓதியவர் மறுமையில் அடையும் கதியை நினைத்து நடுங்குவோம். அந்த ஆசையைப் பிஞ்சு நெஞ்சில் விதைப்பவர்கள் நாமாக இருந்துவிடக் கூடாது. பரிசு, பிள்ளையை ஓத வைக்கும் தூண்டுகோல். ஓதிய குர்ஆனே பிள்ளைக்கு உண்மையான பரிசு.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைக் குர்ஆனின் பிள்ளைகளாக்குவாயாக! அவர்களிடையே தீர்ப்புச் சொல்லும்போது எங்கள் தராசு சாயாமல் காப்பாயாக! உன் சன்னிதியில் முந்தி வருவோரின் கூட்டத்தில் எங்கள் எல்லாரையும் ஒன்றாகச் சேர்ப்பாயாக! ஆமீன்.