கல்லும் காவலனும்

அழிந்த கலைச்செல்வத்திற்குப் பிரதி செய்துவிட்டால் அழிவுக்கு ஈடு செய்தவராவோமா?

பல கோணங்களில் எடுத்த நிழற்படங்களை ஒப்பிட்டுக் கட்டடத்தின் வடிவத்தைக் கணித்தெடுக்கும் முறை இன்று வளர்ந்துள்ளது. சிரியாவின் பல்மைராவில் 2015இல் தகர்க்கப்பட்ட வெற்றி வளைவு, அம்முறையால் எகிப்தியச் சலவைக்கல்லிற் சிறிதாகச் செதுக்கப்பட்டு, 2016இல் இலண்டன் ட்ரபல்கார் சதுக்கத்தில் நின்றது. மறதியை வெல்லும் இம்முயற்சியை நாம் இகழோம்.

ஆனால், அப்பழம்பொருள்களை நாற்பதாண்டுகள் பேணிய காலித் அல்-அசாத், வளைவு வீழுமுன்னரே அதே ஆண்டிற் கொல்லப்பட்டார். அவருக்குப் பிரதியேது? கல்லை அளக்கக் கற்ற நாம், அதனருகே வாழ்ந்து அகதிகளான மக்களின் துயரை அளந்தோமா?

வடிவத்தைப் படம் காக்கும்; வாழ்வை மனிதரே காத்தல் வேண்டும். ஆகவே, பிரதியைப் போற்றும் ஒவ்வொரு சதுக்கத்திலும், அம்மக்கள் அச்சமின்றி ஊர் திரும்பும் உரிமையையும் நாம் கேட்போமாக.