அன்புக் கயிறு



நம் சம்பூரில் படலை உள்ள வளவுகளில் பெரும்பாலும் ஒரு நாயும் இருக்கும். தோட்டத்துக்குப் புறப்பட்டால் பின்னாலேயே வரும். கொட்டியாரக்குடாவிலிருந்து வள்ளம் திரும்பும் நேரம் கரையில் காத்து நிற்கும். அதே நாய் பிள்ளையின் செருப்பைக் கடித்துக் குதறினால், வீட்டுக்கு வந்தவர்மேல் பாய்ந்தால், நம் கை உடனே விறகுக்கட்டையைத் தேடுகிறது. அடித்தால்தான் நாய் பழகும் என்று கேட்டே வளர்ந்துவிட்டோம். இன்று அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாள். படைப்புகள் அனைத்தையும் உடன்பிறப்பாய் ஏற்ற அந்தப் புனிதரின் நாளில் நம்மையே கேட்டுக்கொள்வோம்: எதிர்த்துப் பேச வாயில்லாத ஓர் உயிர் நம் கையில் ஒப்படைக்கப்பட்டால், அந்தக் கையில் இரக்கம் இருக்கிறதா?

ஓசேயா நூலின் 11ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் மக்களைச் சிறு பிள்ளையாய் நினைத்துப் பார்க்கிறார். நடை பழக்கியதையும், அன்பின் கயிறுகளால் நடத்தியதையும், குனிந்து உணவூட்டியதையும் சொல்கிறார். அந்தப் பிள்ளையோ விலகி விலகிப் போனது. தண்டிக்க எல்லா நியாயமும் இருந்தும் ஆண்டவரின் உள்ளம் இரக்கத்தால் பொங்கியது. நாமும் அந்த இரக்கத்தில் வளர்ந்தவர்களே. அதனால்தான் இன்றும் அவர் திருமுன் நிற்கிறோம்.

பயம் ஓர் உயிரை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2006 சித்திரையில் குண்டுகள் விழுந்தபோது உடுத்த துணியோடு ஓடினீர்கள். 2015இல் காணிகள் விடுவிக்கப்படும்வரை கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் முகாம்களில் காத்திருந்தீர்கள். வெடிச்சத்தம் கேட்டால் இன்றும் நெஞ்சு பதறுகிறவர்கள் நம்மிடையே உண்டு. பயந்தவர் பாடம் கற்பதில்லை, ஒளிய இடம் தேடுகிறார். நாயும் அப்படித்தான். போர்த்துக்கலில் செய்து 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அதட்டியும் கழுத்துப்பட்டியைச் சுண்டி இழுத்தும் பழக்கிய நாய்களிடம் மன அழுத்தத்தின் அறிகுறிகள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அடிவாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தலாம். ஆனால் உள்ளே பயம் நிற்பதில்லை. ஒருநாள் அது எச்சரிக்காமலே கடித்துவிடலாம்.

அப்படியானால் எப்படிப் பழக்குவது? அது நல்லதைச் செய்த அந்த நொடியிலேயே முள் எடுத்த மீன் துண்டு ஒன்றையோ பாண் துண்டையோ, கூடவே ஓர் அன்பான சொல்லையோ கொடுங்கள். சற்றுப் பிந்தினாலும் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. மேலே பாய்ந்தால் கத்தாமல் முகத்தைத் திருப்பி நில்லுங்கள். நாலு காலும் நிலத்தில் பட்டதும் தடவிக்கொடுங்கள். குட்டி வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் மூக்கைப் பிடித்துத் தரையில் தேய்க்காதீர்கள். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் வெளியே கொண்டுபோங்கள். அங்கே கழித்ததும் பாராட்டுங்கள். செருப்பைக் கவ்வினால் பறிக்காமல், அது விரும்பும் இன்னொன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் இராவெல்லாம் குரைத்தால், அதன் தனிமையை நினைத்துப் பாருங்கள். ஒரு நடை கூட்டிப்போய் வந்தால் குரைப்புக் குறையலாம்.

இது செல்லம் கொடுப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. நம் நாட்டில் கண்ணிவெடி அகற்றும் பணியில், இப்படிப் பரிசு கொடுத்துப் பழக்கிய நாய்களும் உழைத்திருக்கின்றன. புதைந்த ஆணிக்கும் தகரத்துக்கும்கூட உலோகம் கண்டறியும் கருவி ஒலிக்கும். நாயோ வெடிமருந்தின் வாசனையைத் தேடுகிறது, கண்டதும் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குக் கிடைக்கும் பரிசு விளையாட ஒரு பந்து, அவ்வளவுதான். மனிதர் மீண்டும் கால் வைக்கும் நிலத்தை, மகிழ்ச்சியோடு கற்ற ஒரு பாடம் காக்கிறது.

அன்பானவர்களே, தோபித்து நூலில் வரும் குடும்பமும் சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட குடும்பம்தான். தந்தை பார்வை இழந்தவர். மகன் தோபியா வானதூதர் இரபேலோடு வழிப்பயணம் போனபோது, அவர்களின் நாயும் கூடப் போனது. வீடு திரும்பியபோதும் பின்னாலேயே வந்தது. இவ்வளவு துயரத்துக்கு நடுவிலும் மறைநூல் அந்த நாயைச் சொல்லாமல் விடவில்லை. ஓடிய அவசரத்தில் நாயை விட்டுவந்தோமே என்று இன்னும் மனம் நோகிறவர்கள் இங்கே இருக்கலாம். உங்கள் கையில் அன்று ஒன்றுமில்லை என்பதை ஆண்டவர் அறிவார். அந்த உயிரையும் அவர் அறிவார். இத்தனை நாள் அடித்துவிட்டோமே என்று இன்று வருந்துகிறவர்களே, நீங்களும் கலங்க வேண்டாம். பயந்துபோன நாய்கூடப் பொறுமையான கையை மெல்ல மெல்ல மறுபடி நம்பத் தொடங்கும். மனம் திரும்புகிறவருக்கு இறைவனின் இரக்கம் அதைவிடப் பெரியது.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். இந்த வாரம் தடியைக் கீழே வையுங்கள். உங்கள் நாயைப் பெயர் சொல்லி அழைத்து, வந்ததும் ஒரு வாய் உணவு கொடுங்கள். வேண்டாத குட்டிகளைச் சந்தையடியில் கொண்டுபோய் விடாதீர்கள். விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டு தவறாமல் போடுங்கள். யாரையாவது நாய் கடித்தால் காயத்தை 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். இவற்றையெல்லாம் பிள்ளைகள் பார்க்கச் செய்யுங்கள். சிறிய உயிரிடம் இரக்கம் பழகிய பிள்ளை மனிதரிடமும் இரக்கமாய் இருக்கும். அன்பின் கயிற்றால் நம்மை நடத்தும் ஆண்டவர் உங்கள் வீடுகளையும், அங்கே வாழும் எல்லா உயிர்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.